இரண்டாம் வழியனுப்பு

ஷவ்வால் பிறை தோன்றி, நோன்புப் பெருநாளின் பலகார மணம் வீடுகளை விட்டு அகலுமுன்பே நம் நாட்டு அரபுக் கல்லூரிகளின் வாயில்கள் மீண்டும் திறக்கின்றன. ஷஃபானில் ஊர் திரும்பிய பிள்ளைகள் ரமளானைப் பெற்றோருடன் கழித்துவிட்டு, மறு ஆண்டின் ஓதலுக்குப் புறப்படுகின்றனர். மற்றக் கல்லூரிகளில் படிக்கும் மக்களுக்கு அந்த நாள் ஜூன் மாதத்தில் வருகின்றது. எந்த மாதமாயினும் காட்சி ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் ஒரு பெட்டி. அதன்மேல் துணியில் கட்டிய பலகாரப் பொட்டலம். அருகில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கென்று கடையை ஒருநாள் அடைத்துவிட்டு வந்த தந்தை, அல்லது புர்காவின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் தாய்.

இந்தக் காட்சியைக் காணாதவர் நம்முள் இலர். ஆயின், இஃது எந்த நூலில் எழுதப்பட்டிருக்கிறது? கல்விக்காகப் பயணம் செய்தோரைப் பற்றி நம் சமுதாயத்திடம் இருக்கும் ஏடுகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவருக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது? இந்த வினாவை அளவுகோலாகக் கொண்டு, நாம் போற்றும் சில வரலாறுகளையும் அண்மைக் காலத்து நூலொன்றையும் ஈண்டு மதிப்பிட முனைகின்றோம். குறை காண்பது நம் நோக்கமன்று. ஒரு பெருஞ்செல்வத்தின் ஒரு மூலை நெடுங்காலம் கூட்டப்படாமலே கிடக்கிறது என்று சுட்டுவதே நோக்கம்.

அரபு மொழியில் 'ரிஹ்லா' என்பது கல்விப் பயணத்திற்கு வழங்கும் பெயர். ஹிஜ்ரி 463-இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் நபிமொழி தேடிச் சென்றோரின் பயணங்களுக்கென்றே தனி நூல் ஒன்று செய்தார்கள். ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியைக் கேட்பதற்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத வழி கடந்து ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்ற வரலாறு அதில் இடம்பெறுகிறது. ஆசிரியரைத் தேடி நெடுந்தொலைவு சென்று, அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தியையே கேட்டு நின்றவர்களும் அதில் வருகின்றனர். படிப்போர் நெஞ்சை உருக்கும் நூல் அது. எனினும், வழியின் தொலைவும் ஆசிரியரின் பெயரும் அங்கே விளங்கித் தோன்றுமளவுக்கு, வாயிற்படியில் நின்று வழியனுப்பியவர் தோன்றுவதில்லை.

இது கதீப் அவர்களின் குறையன்று. நபிமொழிக் கலை அறிவிப்பாளர் தொடரை அடிப்படையாகக் கொண்டது. யார் யாரிடம் கேட்டார் என்பதே அங்குத் தேவை. யார் யாரை அனுப்பினார் என்பது அத்தொடரில் ஒரு கண்ணியன்று. ஆயினும் பிற்காலத்தில் வாழ்க்கை வரலாறு எழுதிய நாமும் அதே வார்ப்பில் எழுதப் பழகிவிட்டோம் என்பதுதான் வருந்தத்தக்கது. பிறந்த ஊர், ஆண்டு, தந்தையின் பெயர். உடனே ஆசிரியர்களின் பட்டியல். தந்தையின் பெயருக்கும் முதல் ஆசிரியரின் பெயருக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி. அந்த முற்றுப்புள்ளிக்குள் எத்தனை நடை, எத்தனை கடன், எத்தனை உறக்கமற்ற இரவு!

அந்த முற்றுப்புள்ளி சற்றே திறந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. அவற்றை நாம் நன்கு அறிவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் அன்னையார் மகனுக்கு நல்லாடை உடுத்தித் தலைப்பாகை அணிவித்து, ரபீஆ (ரஹ்) அவர்களிடம் அனுப்பும்போது, அவரது அறிவைக் கற்குமுன் அவரது ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் காஸா நகரில் பிறந்து, தந்தையை இழந்த குழந்தையாகத் தாயாரால் மக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆசிரியருக்குக் கொடுக்க அந்தத் தாயிடம் காசில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதே மகனின் கட்டணமாயிற்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 210-இல், தம் பதினாறாம் வயதளவில், தாயாருடனும் தமையனாருடனும் ஹஜ்ஜுக்கு வந்தார்கள். ஹஜ் முடிந்து அவ்விருவரும் ஊர் திரும்ப, தாம் மட்டும் கல்விக்காக அங்கே தங்கிவிட்டார்கள். புகாராவுக்குத் திரும்பிச் செல்லும் வழியில் அந்தத் தாய் எத்தனை முறை பின்னோக்கிப் பார்த்தார்களோ! வரலாற்று நூல்களில் அவ்விடம் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இவ்வகையில் நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் மிகுதியாகச் சொல்லப்படுவது முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வரலாறே. ஹிஜ்ரி 488-இல் (கி.பி. 1095) தம் பதினெட்டாம் வயதில் பக்தாதுக்குப் புறப்பட்ட மகனின் உடையில் அன்னையார் நாற்பது பொற்காசுகளை வைத்துத் தைத்த செய்தி, பொய் சொல்லலாகாது என்று வாக்குறுதி பெற்ற செய்தி, வழியில் கொள்ளையர் மறித்தபோது மகன் உண்மையே சொல்ல, அதைக் கேட்ட கொள்ளையர் தலைவன் மனந்திருந்திய செய்தி ஆகியவற்றை அறியாத குழந்தை நம்மிடையே இருத்தல் அரிது. ரபீஉல் ஆகிர் மாதத்தில் மேடைதோறும் இது முழங்குகின்றது.

ஆனால் நம் சொற்பொழிவாளர்களும் கதை எழுதுவோரும் இதை எவ்வாறு சொல்கின்றனர்? ஊசியை எடுத்த அன்னையாரை ஒரே வாக்கியத்தில் கடந்து, கொள்ளையரிடம் ஓடிவிடுகின்றனர். வாள் இருக்கும் இடத்தில்தான் கதை இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம் போலும்! உண்மையில் அந்த வரலாற்றின் உயிர்நிலை அதற்கு முன்பே வந்துவிடுகின்றது. இனி இம்மையில் உன் முகத்தைக் காணப்போவதில்லை என்னும் கருத்துப்பட அன்னையார் விடை கொடுத்ததாக மரபு கூறுகிறது. கணவரை இழந்த முதியவர். மகனை இறைவனுக்காக விட்டுக்கொடுக்கிறார். அவ்வாறு விட்டுக்கொடுக்கும் அதே கையால், வழிச்செலவு தொலைந்துவிடக் கூடாதே என்று இறுக்கித் தைக்கிறார். துறவும் கணக்கும் ஒரே விரலில் கூடி நிற்கும் இடம் அது. கொள்ளையன் திருந்தியது மகனின் வாய்மையால் என்றால், அந்த வாய்மை தைக்கப்பட்ட இடம் அன்னையின் மடி. இதைச் சொல்லாமல் விட்ட சொற்பொழிவு எத்துணை இனிமையாயினும் பாதிச் சொற்பொழிவே.

மேற்சொன்ன யாவும் முதல் வழியனுப்பு. வீட்டை விட்டுப் பிள்ளை முதன்முதலாகப் புறப்படும் நாள். அதற்கு ஒரு பெருமிதம் உண்டு. கண்ணீருக்கும் அங்கே தகுதியான இடமுண்டு. ஆகவே எழுதுவோர் கைக்கு அஃது எளிதில் அகப்படுகிறது. நாம் கேட்பது இரண்டாம் வழியனுப்பைப் பற்றி. ஓராண்டு ஓதிவிட்டு, அல்லது படித்துவிட்டு, விடுமுறைக்கு வந்த பிள்ளையை மீண்டும் கொண்டுபோய் விடும் அந்தப் பயணத்தைப் பற்றி. முதல் முறை சென்ற பிள்ளை வீட்டுப் பிள்ளை. இரண்டாம் முறை செல்லும் பிள்ளையோ பாதி வேறொருவன். அவன் நாவில் புதிய சொற்கள் ஏறியிருக்கின்றன. தாய் ஆக்கிய உணவை உண்கிறான். தந்தையின் பேச்சை மட்டும் எடைபோடுகிறான். கல்வி அவனை என்ன செய்திருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியவரும் முதல் வாய்ப்பு அந்த விடுமுறை. தெரிந்த பின்னும் மனமுவந்து அவனை மீண்டும் அனுப்புவதே இரண்டாம் வழியனுப்பு. தெரியாமல் கொடுத்ததைவிடத் தெரிந்து கொடுத்தது பெரிதல்லவா?

இவ்வகைச் சிறு நிகழ்ச்சிக்குப் பழைய நூல்களில் இடமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் தம் இளமையைப் பற்றிச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நபிமொழி வகுப்புக்கு விடியுமுன்பே புறப்பட அவர்கள் விழைவார்களாம். அன்னையாரோ அவர்களின் ஆடையைப் பற்றிக்கொண்டு, பாங்கொலி கேட்கட்டும், விடியட்டும் என்று நிறுத்துவார்களாம். இதில் கொள்ளையர் இல்லை, பொற்காசு இல்லை, அற்புதம் எதுவுமில்லை. மகன் கல்விக்கு ஓடுகிறார்; தாய் இருளுக்கு அஞ்சுகிறார். மகனைத் தடுக்கவும் அவருக்கு மனமில்லை, விடவும் மனமில்லை. ஆகவே விடியும் வரை மட்டும் ஆடையைப் பிடித்திருக்கிறார். வழியனுப்புதல் என்பதன் முழு இலக்கணமும் அந்தச் சிறு செய்திக்குள் அடங்கிவிடுவதாக நாம் கருதுகின்றோம். இத்தகைய ஒரு செய்தி ஒரு பக்கப் புகழுரைக்கு மேலானது.

இன்னொரு வியப்பும் உண்டு. அழகிய நடையில் எழுதப்பட்ட வரலாறுகள் மறந்ததை, நடையே இல்லாத பதிவேடுகள் காத்து வைத்திருக்கின்றன. நபிமொழி நூல்கள் ஆசிரியர் முன்னிலையில் படிக்கப்பட்டபோது, அவ்வவையில் இருந்தோர் பெயர்களை ஏட்டின் ஓரத்திலோ இறுதியிலோ எழுதிவைப்பது வழக்கம். 'ஸமாஉ' எனப்படும் அப்பதிவுகளில் குழந்தைகளின் பெயர்களும் உண்டு. ஏறத்தாழ ஐந்து வயது நிரம்பியவர் 'கேட்டார்' என்றும், அதற்குக் குறைந்த வயதுக் குழந்தை 'அவையில் இருக்கச் செய்யப்பட்டது' என்றும் வேறுபடுத்திக் குறித்தனர். யாரால் கொண்டுவரப்பட்டது என்பதும் பல இடங்களில் காணக் கிடைக்கிறது. மடியில் உறங்கிய குழந்தையும், அதைச் சுமந்து வந்த தந்தையும் ஒரே வரியில் நிலைத்துவிட்டனர்.

அவ்வாறு சுமந்து வந்தவர்களுள் ஒருவரை ஈண்டு நினைவுகூர விரும்புகின்றோம். அந்தலூசியாவின் பலன்ஸியா நகரத்தைச் சேர்ந்த ஸஃதுல் கைர் (ரஹ்) என்னும் அறிஞர் சீனம் வரை பயணம் செய்தவர்கள். தம் மகள் ஃபாத்திமாவைச் சிறு குழந்தையாக இருந்தபோதே இஸ்ஃபஹானில் ஃபாத்திமா அல்ஜூஸ்தானிய்யா (ரஹ்) என்னும் நபிமொழி அறிஞரின் அவையில் அமரச் செய்தார்கள். பின்னர் பக்தாதிலும் மகளைப் பல ஆசிரியர்களிடம் கேட்கச் செய்தார்கள். ஹிஜ்ரி 541-இல் தந்தை மறைந்தார்கள். மகள் வளர்ந்து, திமிஷ்கிலும் கெய்ரோவிலும் நபிமொழி கற்பிக்கும் அறிஞராகத் திகழ்ந்து, ஹிஜ்ரி 600-இல் மறைந்தார்கள். பெண் மக்களை வெளியூர்க் கல்லூரியில் விட்டுவிட்டு வரும்போது, இது நம் மரபுதானா என்று உள்ளுக்குள் தயங்கும் தந்தையர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஒரு தந்தை மகளுடன் ஊர் ஊராகச் சென்ற இந்த வரலாற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடன்.

இனி அண்மைக் காலத்து நூலுக்கு வருவோம். எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுஸைன் (1889–1973) அவர்களின் தன்வரலாறாகிய 'அல்அய்யாம்' 1926–27-இல் 'அல்ஹிலால்' இதழில் தொடராக வெளிவந்து, 1929-இல் முதற்பகுதி நூலாயிற்று. மேலை எகிப்தின் சிற்றூரொன்றில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்து, 1902-இல் அல்அஸ்ஹருக்கு ஓதச் சென்ற சிறுவனின் கதை அது. 1926-இல் அறியாமைக் காலத்துக் கவிதை பற்றி அவர் எழுதிய நூல் எழுப்பிய கொந்தளிப்பை அரபு படித்தோர் அறிவர். அந்நூலின் முடிவுகளில் பலவற்றை நாம் ஏற்பதில்லை. அல்அஸ்ஹரின் ஆசிரியர்களைப் பற்றி 'அல்அய்யாம்' காட்டும் ஏளனமும் பல இடங்களில் அளவு கடந்தது என்பதே நம் எண்ணம். ஆயினும் ஏற்காத ஒருவரிடமிருந்தும் கற்கத் தக்கதைக் கற்பது அறிஞர் மரபு. பெற்றோரும் பிள்ளையும் கல்வியின் பொருட்டுப் பிரிவதை இந்நூல் காட்டும் முறை அவ்வாறு கற்கத் தக்கது.

முதற்பகுதியின் இறுதியில் புகைவண்டி நிலையக் காட்சி ஒன்று வருகிறது. அண்ணனுடன் கெய்ரோ செல்லவிருக்கும் சிறுவன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறான். தந்தை அருகில் நின்று, தாயைப் பிரிய முடியவில்லையா, இன்னும் விளையாட ஆசையா, நீ ஆண்மகனல்லவா என்று பரிவுடன் தேற்றுகிறார். சிறுவனின் துயரமோ தாயைப் பிரிவதாலன்று, விளையாட்டை இழப்பதாலுமன்று. அந்த ஆண்டுக் காலரா நோயில் இறந்துபோன இன்னொரு அண்ணனை அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மருத்துவம் படிக்கக் கெய்ரோ செல்லவிருந்த அந்த இளைஞரும் இப்போது உடன் வந்திருப்பாரல்லவா? ஆனால் அதை அவன் சொல்வதில்லை. தந்தையும் கேட்பதில்லை. அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தந்தையையும் அழவைத்திருப்பான்.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்திருப்பதென்ன? தந்தை தவறாகப் புரிந்துகொண்டார் என்பதை மறைக்கவில்லை. அதற்காகத் தந்தையைச் சிறுமைப்படுத்தவுமில்லை. ஒரே துயரம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறது. ஒருவருக்கொருவர் அதை மறைத்துக் காக்கின்றனர். நம்மவர் எழுதியிருந்தால் அங்கே ஓர் அறிவுரை வந்திருக்கும். ஒரு கண்ணீர் அருவி வந்திருக்கும். அவை வராததாலேயே இப்பகுதி நம்மை விட்டு அகல்வதில்லை.

இரண்டாம் பகுதியில் கோடை விடுமுறை வருகிறது. நாம் தேடிவந்த இடம் இதுவே. அல்அஸ்ஹரில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் பிள்ளை, தன் அண்ணனுக்குக் கிடைத்துவந்த வரவேற்பு தனக்கும் கிடைக்குமென்று எண்ணி வருகிறான். நிலையத்தில் அவனை எதிர்கொள்ள ஒருவருமில்லை. வீட்டாரும் ஊராரும் அவனை இன்னும் பழைய சிறுவனாகவே நடத்துகின்றனர். புண்பட்ட மனத்துடன் அவன் தன் கல்வியைப் படைக்கலமாக்குகிறான். ஊர் ஆசிரியரை மறுக்கிறான். தந்தை அன்றாடம் ஓதும் 'தலாயிலுல் கைராத்' ஓதலையும் ஸியாரத்தையும் எதிர்த்துப் பேசுகிறான். தந்தை சினந்து, இனியும் இவ்வாறு பேசினால் அல்அஸ்ஹருக்கே அனுப்பாமல் ஊரில் நிறுத்திவிடுவேன் என்று எச்சரிக்கிறார். எனினும் நாளடைவில் அதே தந்தை, மகன் பிறரோடு வாதிடுவதில் உள்ளூர மகிழ்ச்சியடைகிறார்.

அந்தச் சிறுவன் எடுத்த கட்சி சரியா என்பது வேறு வழக்கு. நாம் அதில் அவன் கட்சியன்று. இங்கே நாம் காண்பது, கற்ற பிள்ளை வீட்டிற்குள் வந்து நிற்கும்போது எழும் காற்றின் மாறுதல். அவனது வாதத்தின் வேர், மார்க்கத் தெளிவைவிட, நிலையத்தில் எவரும் வராத ஏமாற்றத்தில்தான் இருக்கிறது என்பதை ஆசிரியர் தம்மையே விட்டுக்கொடுத்துக் காட்டிவிடுகிறார். தம்மைச் 'சிறுவன்' என்றும் 'நம் நண்பர்' என்றும் படர்க்கையில் வைத்து எழுதியதால் அவருக்கு இது கைகூடிற்று. கற்றவனின் செருக்கைக் கற்றவனே எழுதுவது எளிதன்று. அந்த நேர்மை நம் தமிழ்த் தன்வரலாறுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிறரைக் குறை சொல்லிவிட்டு நம்மை மறைத்துக்கொள்வது முறையன்று. நாமும் இரண்டாம் ஆண்டின் ஓதலுக்குச் சென்றோம். ஷவ்வால் மாதம், தகரப் பெட்டி, அதனுள் எலுமிச்சை ஊறுகாயும் பெருநாள் பலகாரமும். கொண்டுபோய் விட வந்தவர் நம் அத்தா. சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். பள்ளிவாசல் லெப்பையிடம் சிறு வயதில் சில ஸூராக்கள் ஓதியதே அவருடைய படிப்பு. வழியில் பேருந்து மாறும் ஊரில் நிலையத்தை ஒட்டிய பள்ளிவாசலில் மஃரிப் தொழுதோம். ஜமாஅத் முடிந்திருந்ததால் அத்தாவே முன்னின்று தொழவைத்தார். ஓராண்டு தஜ்வீத் ஓதியிருந்த நமக்கு அவருடைய 'அல்ஹம்து' பொறுக்கவில்லை. தொண்டையின் நடுவிலிருந்து எழவேண்டிய எழுத்து அடியிலிருந்து எழுந்தது. ஸலாம் கொடுத்ததும், அருகில் நால்வர் இருக்கிறார்களே என்றும் பாராமல், "அத்தா, உங்களுக்கு 'ஹா' சரியாக வரவில்லை. உங்கள் பின்னால் தொழுத தொழுகை கூடுமா என்றே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டோம்.

அத்தா சினக்கவில்லை. "எனக்குச் சொல்லித்தர ஆளில்லை தம்பி. நீ சொல்லிக்கொடு" என்றார். சொல்லிக்கொடுத்தோம், ஒரு பெரிய ஆலிமின் தோரணையில்தான் சொல்லிக்கொடுத்தோம். பிறகு பேருந்தில் நாம் உறங்கிவிட்டோம். இடையில் விழித்துப் பார்த்தபோது, இருட்டில் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். காலையில் மதரஸா வாயிலில் பெட்டியை இறக்கி வைத்து, உஸ்தாதுக்கு ஸலாம் சொல்லி, "ஹஜ்ரத், போன வருஷம் உங்ககிட்ட விட்ட பிள்ளை, இந்த வருஷம் எனக்கே ஓதிக்கொடுக்கிறான்" என்றார். அந்தக் குரலில் குத்தல் இருந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருந்தது முழு மகிழ்ச்சி.

அந்த நாளைப் பற்றி நாம் இதுவரை எங்கும் எழுதியதில்லை. பட்டம் பெற்ற நாளைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஆசிரியர்களைப் பற்றி நினைவுக் கட்டுரைகள் தீட்டியிருக்கிறோம். அத்தா மறைந்து பல ஆண்டுகளாகின்றன. முதல் வழியனுப்பைப் பலமுறை மேடையில் சொன்ன நாம், இரண்டாவதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் மறதியன்று, நாணம். நம் எழுத்தாளர்கள் பலருக்கும் அதுவே காரணமாக இருக்கலாமென இப்போது தோன்றுகிறது. முதல் வழியனுப்பில் பிள்ளைக்குக் குற்றமில்லை, ஆகவே எழுதலாம். இரண்டாவதில் பிள்ளைக்கும் பங்குண்டு. ஆகவே எழுதக் கூசுகிறது.

நம் தமிழ் முஸ்லிம் சமுதாயத்தில் இத்தகைய பயணங்களுக்குக் குறைவில்லை. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிற்று. 1951-இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும், 1971-இல் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் எழுந்தன. 1988-இல் கீழக்கரையில் பெண்களுக்கென்றே தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி அமைந்தது. இவற்றின் விடுதிகளுக்கு எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை தந்தையர் பெட்டி சுமந்து வந்திருப்பர்! நம் ஊர்களில் தந்தை வெளிநாட்டில் இருக்க, எழுதப் படிக்கத் தெரியாத தாயே பிள்ளையுடன் பேருந்தேறி வந்து, அலுவலகத்தில் விரல் பதித்துச் சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. கல்லூரிகளின் ஆண்டு மலர்களைப் புரட்டுங்கள், கொடை கொடுத்த வள்ளல்களின் படம் இருக்கிறது, முதல்வர்களின் படம் இருக்கிறது, இருக்க வேண்டியவையே. பெட்டி சுமந்தவருக்கு அங்கே ஒரு பத்தியும் இல்லை.

எழுதும் சிலரும் வேறொரு பிழை செய்கின்றனர். தாய் என்றால் கண்ணீர், தந்தை என்றால் வியர்வை என்று இரு சொற்களோடு நிறுத்திவிடுகின்றனர். அழுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத தாயை நாம் எந்த வீட்டில் கண்டோம்? அவர் மகளின் விடுதிக் கட்டணத்தைக் கணக்கிடுகிறார். அறைத் தோழி எவ்வூர்ப் பிள்ளை என்று விசாரிக்கிறார். பூட்டு சரியாகப் பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அன்னையார் வறுமைக்குள் வழி கண்டதும், முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களின் அன்னையார் ஊசி எடுத்ததும் அத்தகைய செயலறிவே. பெற்றோரை மறந்த எழுத்து ஒரு குறை என்றால், அவர்களை வெறும் கண்ணீர்ச் சிலையாக்கிய எழுத்து அதனினும் பெரிய குறை. முன்னது இடத்தைக் காலியாக விடுகிறது. பின்னது பொய்யால் நிரப்பிவிடுகிறது.

எனவே எழுதவல்ல இளைஞர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது: பெரிய வரலாறுகளைப் பிறகு எழுதலாம். முதலில் அந்தப் பேருந்துப் பயணத்தை எழுதுங்கள். யார் பெட்டி தூக்கினார், வழியில் என்ன உண்டீர்கள், எதைப் பற்றிப் பேச்சு எழுந்தது, எந்த இடத்தில் பேச்சு நின்றது என்பதை உள்ளவாறு எழுதுங்கள். உங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஸமாஉப் பதிவேட்டு எழுத்தர்கள் அணியலங்காரம் அறியாமலே காலத்தை வென்ற ஆவணம் செய்தனர். கொண்டுவந்தவர் பெயரையும் எழுதினர் என்பதே அவர்களின் சிறப்பு.

சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து நம் மகளைக் கல்லூரி விடுதியில் விடச் சென்றோம். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தை நாம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, "அத்தா, அந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது. இப்படிக் கொடுங்க" என்று எழுதுகோலை வாங்கிக்கொண்டாள். அருகில் நால்வர் நின்றிருந்தனர். ஒரு கணம் முகம் சுருங்கியது உண்மை. மறுகணம், இருட்டில் அசைந்த உதடுகள் நினைவுக்கு வந்தன. "நீயே எழுது தாயே" என்று சொல்லி, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நம் அத்தாவுக்கு இருந்த மனவிரிவு நமக்கு முழுதும் வாய்த்தது என்று சொல்லத் துணியோம். அதன் வழியைக் கண்டுகொண்டோம் என்று மட்டும் சொல்லலாம்.

நம்மைச் சுமந்து சென்று கல்வியின் வாயிலில் விட்டு, வெறுங்கையுடன் ஊர் திரும்பிய பெற்றோர் அனைவருக்கும், நாம் சொல்ல மறந்த நன்றியையும் கேட்க மறந்த மன்னிப்பையும் வல்ல அல்லாஹ் நம் துஆவாக ஏற்று, அவர்களுக்கு அருள் புரிவானாக! ஆமீன்.